எட்டு டிகிரியும் மூன்று மிலிட்டரிக் கம்பளியும்

என்னை மலையில் ஒரு ராத்திரி தூங்கவிடாமல் செய்தவர் என் வீட்டுக்காரரின் சித்தப்பா வீரணன். தெரிந்தே செய்தார். திட்டம் போட்டுச் செய்தார். இதைச் சொந்தக்காரர்கள் கூடின இடத்திலெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துத் தொலையுங்கள். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் மேலே தகரம், மூன்று பக்கம் சுவர், நடுவில் மிஷினும் நானும். சித்திரை, வைகாசியில் அந்தத் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறவளுக்கு, செத்த பிறகு தனியாக நரகம் தேவையில்லை. ஃபேன் போட்டால் அனல் சுற்றி வரும். நிறுத்தினால் அனல் ஒரே இடத்தில் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு தடவை ஒரு அம்மா தைத்த ரவிக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னக்கா, தொவச்சே குடுத்துட்டியா?" என்று கேட்டது. என் வியர்வை அது.

வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். அங்கே குளிருகிறது, இங்கே வேகிறது, நடுவில் சில மணி நேரப் பயணம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு மலை என்றால், விடியற்காலையில் புளியோதரையைக் கட்டிக்கொண்டு ஏறுவது, ஏரியைச் சுற்றுவது, சாயங்காலம் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்குவது. ராத்தங்கியதே கிடையாது. எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. கத்திரி வெயில் காலத்தில், ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, கழுத்து வரைக்கும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் என் மகள் கீர்த்தனா பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருந்தாள். அவள்தான் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். கொடைக்கானலையும் தாண்டி மேல்மலையில் ஒரு ஏரி. ஏரிக்கரையில் மரத்தாலேயே கட்டிய சின்னச் சின்ன வீடுகள். அதற்குக் கேபின் என்று பெயர். வாசலில் விறகு போட்டு எரித்து உட்காரலாமாம். நானே அந்த ஆளுக்குப் போன் போட்டேன்.

"குளுருமா தம்பி?"

"மேடம், நைட்ல எட்டு டிகிரி போகும் மேடம்."

எட்டு டிகிரி! எனக்கு அது என்ன கணக்கு என்றே தெரியாது. ஆனால் கேட்டதும் கை சிலிர்த்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எட்டு டிகிரி, எட்டு டிகிரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். (கை அளவு எடுக்கும்போது ஒரு தடவை, கழுத்து அளவு எடுக்கும்போது ஒரு தடவை.) பக்கத்து டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். எந்த ஆசையையும் இப்படி ஊருக்கே பறையடித்துச் சொல்லக்கூடாது. அந்தப் புத்தி அப்போது எனக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் பாண்டி, ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிப் போகிற ஆம்னி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மே மாதம் ஸ்கூல் இல்லை, வண்டியும் சும்மா, ஆளும் சும்மா. அவர் திட்டம் போட்ட லட்சணத்தைக் கேளுங்கள். கேஸ் அடுப்பு, இட்லிக் கொப்பரை, ஊறுகாய் ஜாடி, அதற்கு மேல் இரண்டு தண்ணீர் கேன்.

"ஏரிக்குப் போறோம், தண்ணிக் கேன் எதுக்குங்க?"

"அப்ப நீ ஏரித் தண்ணியக் குடிச்சுக்க."

நான் மட்டும் என்ன யோக்கியம்? மூன்று பேருக்கும் குரங்குக் குல்லா வாங்கினேன். சரியாக இருக்கிறதா என்று கடைக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. துணி கொடுக்க வந்த பெண் வாசலிலேயே நின்று, "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது. கனமான ஃப்ளானல் துணி எடுத்து, மூன்று பேருக்கும் முழங்கால் வரைக்கும் அங்கி தைத்தேன். பூப்போட்டது. அவருக்கும் பூப்போட்டதுதான். ஒரே துணியில் எடுத்தால் மிச்சம்.

போர்வைதான் பாக்கி. "அம்மா, அங்கேயே ப்ளாங்கெட் குடுப்பாங்கம்மா," என்றாள் கீர்த்தனா.

"எவன் எவனோ போத்துனத நான் போத்தணுமா?"

இந்தத் திமிர்தான் என்னைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

கன்னிவாடிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் சொந்த ஊர். சின்ன மாமா அங்கேதான் இருக்கிறார். (அவருக்குச் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமா.) அவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். லீவில் வரும்போது கம்பளி கொண்டு வருவான். பச்சை நிறம், சொரசொரவென்று, ஆளை அமுக்குகிற கனம். மூன்று வைத்திருக்கிறார். அந்த ஊரில் கம்பளிக்கு என்ன வேலை? பீரோவில் பூச்சி உருண்டை போட்டுப் பூட்டி வைத்திருந்தார். போன் போட்டேன்.

"அதுக்கென்ன தாயி, வாங்கிட்டுப் போ. செவ்வாக்கெழம சாயந்தரமா வா. பாண்டியையும் பிள்ளையையும் கூட்டிட்டு வா. அன்னைக்குத்தேன் நான் வீட்ல இருப்பேன்."

செவ்வாய்க்கிழமை சாயந்தரம். நாளைக் குறித்தது அவர். நான் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சில நாள் முன்புதான் அவர் என் வீட்டுக்காரரிடம், "அப்பு, திருவிழாவுக்குச் சாமான் எடுக்க, ஆள் ஏத்த ஒன் வேனு வேணும்டா" என்று கேட்டிருந்தார். இவர், "எப்பன்னு தெரியல சித்தப்பா, நாங்க மலைக்குப் போறோம்" என்று சொல்லியிருந்தார். "சரி அப்பு, சந்தோசமாப் போயிட்டு வாங்க" என்றாராம். அந்த மனிதர் வாயிலிருந்து வாழ்த்து வந்த அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். விழாக் கமிட்டிக்குத் தலைவரே அவர்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் கொட்டு அடித்து, கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் விழா தொடங்கிவிட்டது என்று அர்த்தம். காப்புக் கட்டுகிற நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் இருக்கிறார்களோ, அவர்கள் விழா முடிகிற வரைக்கும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. அதனால் வேலை, பரீட்சை, ஆஸ்பத்திரி என்று இருப்பவர்கள் கொட்டுச் சத்தத்துக்கு முன்னாலேயே ஊரைத் தாண்டிவிடுவார்கள். நாங்கள் திண்டுக்கல்லில் இருப்பதால் எங்களுக்கு இந்தத் தொல்லையே வந்ததில்லை.

வழக்கமாக வைகாசிக் கடைசியில் வருகிற விழா அது. அந்த வருடம் முன்னால் தள்ளிவிட்டார்கள். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்களாம். நான் அந்தக் குரூப்பில் ஒரு சண்டை போட்டுவிட்டு வெளியேறியிருந்தேன். என் வீட்டுக்காரர் குரூப்பில் இருந்தார். ஆனால் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார். ஒரு குடும்பத்தில் இரண்டு பேரும் முட்டாளாக இருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை போனோம். கோயில் வேப்ப மரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாமா, ரேடியோ செட்டு?"

"சும்மா டெஸ்ட் பண்றாய்ங்க தாயி."

அவர் உடம்பில் புது வேட்டி, இடுப்பில் புதுத் துண்டு. வேட்டிக்கரை நன்றாக இருக்கிறதே என்று நான் பாராட்டினேன். தையல்காரி இல்லையா, கரை தெரிந்தது. கரைக்குப் பின்னால் இருந்த சதி தெரியவில்லை.

பீரோவைத் திறந்து மூன்று கம்பளியையும் எடுத்துக் கொடுத்தார். பூச்சி உருண்டை வாசம் மூக்கைத் துளைத்தது. அந்த வாசத்தில் எனக்கு எட்டு டிகிரி தெரிந்தது. கிளம்புகிறேன் என்றேன்.

"காப்பி குடிக்காமயா? பால் வாங்க ஆள் போயிருக்கு. செத்த நேரம் இரு தாயி."

மாமாவின் சம்சாரம் சின்னத்தை அவர் முகத்தைப் பார்த்தது, அடுப்பைப் பார்த்தது, என்னைப் பார்க்கவில்லை. மாமா "இந்தா வந்துர்றேன்" என்று வெளியே போனார். என் வீட்டுக்காரரும் யாரோடோ பேசப் போய்விட்டார். பால் வரவில்லை. வந்தது மாமாவின் குரல். ஸ்பீக்கரில்.

"ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்னும் செத்த நேரத்துல அம்மனுக்குக் காப்புக் கட்டப்போறோம். வெளியூர் போறவுக வெரசா எல்லையத் தாண்டிக்கங்க. அப்பறம் கமிட்டியக் கொற சொல்லக் கூடாது."

வியாழக்கிழமை ராத்திரிக்குக் கேபினுக்குப் பணமே கட்டியாயிற்று! வெளியே ஓடி வந்து பார்த்தால், எங்கள் வேனுக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எடுக்கவே முடியாது. "வண்டி கெடக்கட்டும், வாடி!" என்று கீர்த்தனாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். எல்லைக்கல் ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் இருக்கிறது. மூன்று கம்பளியும் என் தோளில்.

அதைக் கீழே போட்டிருந்தால் தாண்டியிருப்பேன். இன்றைக்கும் சத்தியம் செய்வேன், தாண்டியிருப்பேன். போடவில்லை. கம்பளிக்காகத்தானே மலை! அதைப் போட்டுவிட்டு மலைக்குப் போய் என்ன செய்ய? மூட்டை சரிகிறது, முந்தானை அவிழ்கிறது, கம்பளி முடி வியர்வையில் ஒட்டிக் கழுத்தெல்லாம் அரிக்கிறது. தெருவே வாசலுக்கு வந்து பார்க்கிறது. ஸ்பீக்கரை அணைக்கவில்லை போலிருக்கிறது. மறுபடியும் மாமா குரல்.

"ஏலே, அங்கிட்டு ஓடுறது நம்ம பாண்டி பொண்டாட்டியா? என்னத்தலே தூக்கிட்டு ஓடுது? ஏத்தா! மெல்ல ஓடு, கம்பளி தடுக்கி விழுந்துறாத!"

கன்னிவாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

கீர்த்தனா எல்லைக்கல்லைத் தாண்டி நின்று, "அம்மா, வந்துரு, வந்துரு!" என்று கத்தினாள். நான் கல்லைத் தொடுகிற தூரத்துக்கு வந்தபோது கோயிலில் குலவை எழும்பியது. கொட்டு உச்சத்துக்குப் போய் நின்றது. காப்புக் கட்டியாகிவிட்டது. நான் அப்படியே கம்பளி மேல் உட்கார்ந்துவிட்டேன். தாண்டிய பிள்ளை என்ன செய்யும்? பத்தாம் வகுப்புப் பிள்ளை தனியாகவா மலைக்குப் போகும்? மெதுவாகத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது.

என் வீட்டுக்காரர்? கோயில் வாசலில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாராம். நெற்றி நிறைய திருநீறோடு வந்து கேட்கிறார்: "காப்புக் கட்டுறப்ப எதுக்குடி ஓடுன?"

கேபின்காரத் தம்பிக்குப் போன் போட்டோம். தேதி மாற்ற முடியாது, கட்டினது கட்டினதுதான் என்றுவிட்டான். மாமா பெருந்தன்மையாகத் தீர்ப்புச் சொன்னார்.

"பகல்ல போயிட்டு வாங்க. யாரு வேணாமுன்னா? நானும் கூட வாரேன். பொழுது சாயிறதுக்குள்ள ஒங்களக் கூட்டியாந்து சேக்குறது எம்பொறுப்பு."

"மாமா, ராத்திரி தூங்கத்தான் மாமா அங்க போறது."

"மதியமாத் தூங்கிக்க தாயி. தூக்கத்துக்கு என்ன நேரங்காலம்?"

எனக்கு அம்மன் மேல் கோபம் இல்லை. அம்மன் என்னைக் காப்பி குடிக்கச் சொல்லவில்லை. எல்லையை மீறிப் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் யாருக்காவது காய்ச்சல் வந்தால்கூட என் கம்பளியைத்தான் சொல்வார்கள். கம்பளியை மடித்து வேனில் வைத்தேன்.

புதன்கிழமை பகலில் திண்டுக்கல்லுக்குப் போய்ச் சாமான்களை ஏற்றி வந்து, வியாழக்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். முன் சீட்டில் மாமா. வெற்று உடம்பில் துண்டு. பின்னால் அடுப்புக்கும் கேனுக்கும் நடுவில் நானும் என் மகளும். வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் புளியோதரையில் பாதியை முடித்துவிட்டார். சமவெளியில் இருக்கிற சனம் அத்தனையும் அன்றைக்குத்தான் மலை ஏறியது. வண்டிக்குப் பின்னால் வண்டி, நகரவே இல்லை. கேபினுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி தாண்டிவிட்டது. சாவி கொடுத்த தம்பி, "ஏழு மணிக்குக் கேம்ப் ஃபயர் மேடம்" என்றான்.

"ஏழு மணிக்கு நாங்க ஊர்ல இருப்போம் தம்பி."

"அப்ப எதுக்கு மேடம் புக் பண்ணீங்க?"

நான் மாமாவைக் கை காட்டினேன்.

உள்ளே போனேன். மரச்சுவர், மர வாசம். ஜன்னலுக்கு வெளியே ஏரி அசையாமல் கிடந்தது. பெரிய கட்டில், தலையணை ஒவ்வொன்றும் ஒரு மூட்டை கனம். வெயில் இருந்தும் தரை ஜில்லென்று இருந்தது. சரி, ராத்திரி இல்லாவிட்டால் போகிறது, ஒரு மணி நேரம் போர்த்திக்கொண்டு படுப்போம், அதுவாவது மிஞ்சட்டும் என்று கம்பளியை விரித்தேன். அப்போது என் வீட்டுக்காரருக்குப் பசித்தது. சூடாக ஏதாவது வேண்டுமாம். கம்பளியைக் கட்டிலில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் கட்டிலில் ஒரு பச்சை மலை.

"என்ன தாயி இம்புட்டுக் குளுருது!" என்றது மலை. மூன்று கம்பளியும் அவர் மேல். தலையில் என் குரங்குக் குல்லா. அடுத்த நிமிஷம் குறட்டை. பட்டாளத்தான் கம்பளிக்குள்ளிருந்து வந்த அந்தக் குறட்டைக்கு ஏரித் தண்ணீர் அலையடித்திருக்கும். எழுப்பச் சொன்னேன். "வயசானவரு, பாவம், செத்த நேரம் தூங்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். நான் பூப்போட்ட அங்கியைப் போட்டுக்கொண்டு, வாசல் படியில் உட்கார்ந்து, உப்புமா கிண்டினேன். கீர்த்தனா போட்டோ எடுத்தாள். மாமாவையும் எடுத்தாள், என்னையும் எடுத்தாள்.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. முதலில் அக்கரை மரங்கள் போயின. பிறகு ஏரி. பிறகு எங்கள் வேன். நான் ஆசைப்பட்ட குளிர் அது. என் காது மடலில் வந்து உட்கார்ந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். எது வந்தாலும் சரி, ஒரு கம்பளியை உருவி எடுத்துவிட வேண்டும் என்று.

உள்ளே மாமா விழித்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். அலறினார்.

"அய்யய்யோ! பொழுது சாஞ்சிருச்சு! ஏலே பாண்டி! எட்றா வண்டிய!"

"மாமா, மணி ஒண்ணரைதான் ஆகுது. இது பனி."

"சூரியன் எங்க? காட்டு பாப்போம்!"

வானத்தைப் பார்த்தேன். வானமே இல்லை. எதைக் காட்டுவேன்?

"சித்தப்பா, கடியாரத்தப் பாருங்க" என்றார் இவர்.

"கடியாரமா அப்பு காப்புக் கட்டிருக்கு? இருட்டிருச்சுல்ல? ஏறு வண்டியில!"

கம்பளியோடு, குல்லாவோடு போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கதவை உள்ளே பூட்டிக்கொண்டார். உப்புமாவைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு ஏறினோம். அந்தக் கட்டிலில் நான் ஒரு நிமிஷம் உட்காரக்கூட இல்லை. கலைந்த விரிப்பைச் சரி செய்வதற்கு மட்டும்தான் தொட்டேன்.

பாதி மலை இறங்கியதும் பனி போய்விட்டது. கீழே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. "இப்ப சூரியன் தெரியுதா மாமா?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊருக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் இன்னும் கண்மாயில் குளித்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்கு எவ்வளவோ நேரம் இருந்தது. அவ்வளவு வெயிலில், குரங்குக் குல்லாவும் மிலிட்டரிக் கம்பளியுமாக வண்டியிலிருந்து இறங்கியவர் அவர். ஆனால் ஊர் இன்றைக்கு வரைக்கும் சிரிப்பது யாரைப் பார்த்து? என்னை. கம்பளியோடு ஓடினவளை.

விழா முடிகிற வரைக்கும் அந்த ஊரில் கிடந்தோம். வேன் கமிட்டிக்கு உழைத்தது. நான் முளைப்பாரி எடுக்கிற பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். ராத்திரி கரண்டு போனபோது மாமா கம்பளியை எடுத்து வந்து, "ஆசைப்பட்டியே தாயி, போத்திக்க" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது.

அந்த ஃப்ளானல் அங்கிகள் இப்போது என் கடையில் இஸ்திரி மேசைக்கு விரிப்பு. கீர்த்தனா காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூட வேனை விற்றாயிற்று. நான் இன்னும் மலையில் ஒரு ராத்திரி தூங்கவில்லை, இனித் தூங்குவேன் என்ற நம்பிக்கையும் இல்லை. வீட்டில் கரண்டு போனால் என் வீட்டுக்காரர், "இப்ப எட்டு டிகிரி இருக்குமாடி?" என்கிறார். விசேஷ வீடுகளில் யாராவது வேகமாக நடந்தால், "என்ன, கம்பளியத் தூக்கிட்டியா?" என்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஸ்பீக்கரில் அறிவிப்பு வருகிறது: "பாண்டி பொண்டாட்டி எங்க இருக்குன்னு பாத்துக்கங்கப்பா." ஊரே விழுந்து சிரிக்கிறது. கீர்த்தனா எடுத்த போட்டோவைக் காட்டினால், "பாவம், பெரிய மனுசன், குளுந்திருக்கும்" என்கிறார்கள்.

ஆகவே சின்ன மாமா, உங்களைத்தான் கேட்கிறேன். வீட்டில் கேட்டால் வெற்றிலையை மென்றுகொண்டே எழுந்து போகிறீர்கள். இந்த வருடமும் காப்புக் கட்டப் போகிறீர்கள், மைக்கும் உங்கள் கையில்தான் இருக்கும். என்னைச் சந்தி சிரிக்க வைத்த அதே மைக்கில், அதே வேப்ப மரத்தடியில், அம்மனுக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் வா என்று என்னிடம் சொன்னபோது, அன்றைக்குத்தான் காப்பு என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? பால் வாங்க ஆள் போனது நிஜமா, பொய்யா?

நான் வருவேன். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பேன். உங்கள் ஸ்பீக்கர் அதுவரைக்கும் கேட்கும், எனக்குத் தெரியும்.